லைப்ரரியின் எண்ணை எப்போது மாற்ற வேண்டும்? ஏற்காட்டு எடைச்சீட்டில் நேர்ந்த பிழையை முன்வைத்துச் சில கேள்விகள்

அஸ்தம்பட்டி நிரலர்

அனைவருக்கும் வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியில் இருவர் மட்டும் வேலை செய்யும் சிறிய மென்பொருள் கடை எங்களுடையது. மின்னணுத் தராசிலிருந்து சீரியல் போர்ட் வழியாக எடையைப் படித்துத் தரும் 'லிப்எடை' என்ற சி மொழி லைப்ரரியை (பிற செயலிகள் அழைத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை) நாங்களே எழுதி, ஏற்காட்டில் மூன்று காப்பித் தோட்டங்களுக்கும் ஆத்தூர் சாலையில் உள்ள ஒரு ஜவ்வரிசி ஆலைக்கும் கொடுத்திருக்கிறோம். தோட்டங்களில் முறையே டெபியன் 10, டெபியன் 11, உபுண்டு 20.04 என்ற டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸ் இயங்குதளத்தின் வகைகள்) இருக்கின்றன, ஆலையில் அல்மாலினக்ஸ் 8. நான் கம்பைல் செய்யும், அதாவது மூலநிரலை ஓடும் கோப்பாக்கும், கணினியில் உபுண்டு 22.04. இந்தப் பழப் பருவத்தில் அடுத்தடுத்து இரண்டு தவறுகள் செய்துவிட்டேன்.

முதலாவது, சீட்டு அச்சிடும் செயலியின் புதிய பதிப்பை உபுண்டு 20.04 கணினியில் வைத்தபோது, 'ஜிலிப்சி_2.34 கிடைக்கவில்லை' (ஜிலிப்சி என்பது பெரும்பாலான லினக்ஸ் செயலிகள் நம்பியிருக்கும் அடிப்படை சி லைப்ரரி) என்று சொல்லி அது தொடங்கவே மறுத்தது. பழைய செயலியைத் திரும்ப வைத்துவிட்டு மலையிறங்கிவிட்டேன்.

இரண்டாவதுதான் என்னை உறங்கவிடவில்லை. செயலியை மாற்றினால்தானே சிக்கல், லைப்ரரியை மட்டும் மாற்றுவோம் என்று எண்ணி, டெபியன் 11 இருக்கும் தோட்டத்தில் லிப்எடை.எஸ்ஓ.1 என்ற கோப்பை மட்டும் புதிதாக வைத்தேன். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் எல்லாம் ஓடியது. ஒரே கூடையை இருமுறை நிறுத்துவிடாமல் இருப்பதற்காக, எடையைத் திருப்பித் தரும் ஸ்ட்ரக்டில் (பல மதிப்புகளை வரிசையாக அடுக்கிய தொகுப்பில்) 'முந்தைய எடை' என்ற ஒரு புலத்தைப் புதிய பதிப்பில் சேர்த்திருந்தேன். முந்தையது முதலில், இப்போதையது அடுத்து என்பது இயல்பான வரிசையாகத் தோன்றியதால், அதை ஸ்ட்ரக்டின் தலையிலேயே வைத்தேன். பழைய செயலியோ ஸ்ட்ரக்டின் முதல் 8 பைட்டில் இருப்பதுதான் எடை என்று நம்பிக் கம்பைல் ஆனது. ஆகவே ஒவ்வொருவரின் சீட்டிலும், வரிசையில் தமக்கு முன்னால் நின்றவரின் எடை அச்சானது.

காலையில் முதல் கூடைக்குச் சுழியம் காட்டியது. தராசு இன்னும் சூடேறவில்லை என்று நினைத்து அதையே மறுபடி நிறுத்தார்கள். இம்முறை சரியாக வந்தது. அதன்பின் எல்லாம் ஓர் ஆள் தள்ளி விழுந்தது. முதல் ஆளின் எடை இருமுறை வந்து, கடைசி ஆளின் எடை விட்டுப்போனதால், நாள் மொத்தம் ஏறக்குறையச் சரியாகவே இருந்தது, கணக்கு ஒத்துப்போனது. ஐந்தாம் நாள், பழம் பறிக்கும் ஓர் அக்கா, 'என் கூடை நிரம்பி வழிந்தது, சீட்டில் ஏன் இவ்வளவு குறைவு?' என்று கேட்டபிறகே தெரிந்தது. கிலோ கணக்கில் கூலி வாங்குபவர்களின் ஐந்து நாள் உழைப்பு அது.

எண்ணிடும் முறையைத் தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுங்கள். இனி இது நடக்கக் கூடாது.

பொதிகட்டி

தம்பி, இரண்டும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு. முதலில் எளியதைச் சொல்கிறேன்.

ஜிலிப்சி தன் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு பதிப்புச் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறது. செயலியை லிங்க் செய்யும்போது, அதாவது லைப்ரரிகளோடு இணைக்கும்போது, அந்தக் கணினியில் உள்ள ஜிலிப்சி எந்தச் சீட்டை முன்னிருப்பாகத் தருகிறதோ அது செயலிக்குள் பதிந்துவிடும். 2021 ஆகஸ்டில் வந்த 2.34ஆம் பதிப்பில், அதுவரை தனியாக இருந்த லிப்பித்ரெட், லிப்டிஎல் போன்ற துணை லைப்ரரிகளை லிப்சி.எஸ்ஓ.6 கோப்புக்குள்ளேயே இணைத்தார்கள். மெயின் ஃபங்ஷனுக்கு முன்பாக ஓடும் தொடக்க ஃபங்ஷனுக்கும் அதே பதிப்பில் புதுச் சீட்டு கொடுத்தார்கள். எனவே உள்ளே ஒரே ஒரு வரி மட்டும் இருக்கும் செயலியானாலும், 2.34 அல்லது அதற்குப் பிந்தைய ஜிலிப்சி உள்ள கணினியில் லிங்க் செய்தால் பழைய கணினியில் ஓடாது. உபுண்டு 22.04இல் இருப்பது 2.35, உபுண்டு 20.04இலும் டெபியன் 11இலும் 2.31, டெபியன் 10இலும் அல்மாலினக்ஸ் 8இலும் 2.28. உங்கள் லைப்ரரிக்குத் தொடக்க ஃபங்ஷன் தேவையில்லை. சீரியல் போர்ட்டைத் திறந்து படிக்கப் பழைய சீட்டுள்ள ஃபங்ஷன்களே போதும். அதனால்தான் லைப்ரரி மட்டும் தடையின்றி ஏறியது; அதுவே உங்களுக்குத் தவறான துணிவைக் கொடுத்துவிட்டது.

பழைய ஜிலிப்சியில் கட்டியது புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே உங்கள் வாடிக்கையாளர்களிடம் உள்ளவற்றில் மிகப் பழையது எதுவோ அங்கே கட்ட வேண்டும்: உங்களுக்கு அது 2.28. அதற்காகப் பழைய கணினி வாங்க வேண்டியதில்லை. அல்மாலினக்ஸ் 8 அல்லது டெபியன் 10 கன்டெய்னர் (ஒரு கணினிக்குள் வேறொரு டிஸ்ட்ரோவைத் தனியே ஓட்டும் அடைப்பு) ஒன்றுக்குள் கம்பைல் செய்தால் போதும். பைத்தான் சமூகத்தார் செய்வதும் இதுவே. அவர்களுடைய மெனிலினக்ஸ்2014 என்ற வரையறை சென்டோஸ் 7இன் 2.17 ஜிலிப்சியைத் தரையாகக் கொண்டது. பின்வந்த மெனிலினக்ஸ்_2_28 என்ற பெயரிலேயே அந்தத் தரை எழுதியிருக்கிறது. கட்டிமுடித்ததும் 'ஆப்ஜ்டம்ப்' என்ற கருவி கொண்டு செயலி கேட்கும் சீட்டுகளைப் பட்டியலிட்டு, 2.28ஐத் தாண்டிய ஒன்று இருந்தாலும் கட்டுமானம் தோற்கும்படி ஸ்கிரிப்ட் எழுதிவையுங்கள். மலைக்குப் பேருந்து ஏறுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

இரண்டாவது நோய் பெரிது. நாளை எழுதுகிறேன்.

செவ்வாய்பேட்டைத் தராசு

நான் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கு எடைச் செயலி செய்பவன். மில்லிகிராம் தவறினாலும் பட்டறையில் சண்டை வந்துவிடும் என்பதால் உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் தீர்வில் எனக்கு வேறு கருத்து உண்டு. ஓடும்போது தனிக் கோப்பிலிருந்து ஏறும் பகிர்வு லைப்ரரியே வேண்டாம் என்று முடிவெடுத்து, எல்லாவற்றையும் செயலிக்குள் ஸ்டாட்டிக்காகச் சேர்த்து ஒரே கோப்பாகக் கொடுத்துவிடுங்கள். எந்த டிஸ்ட்ரோவில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்ற கவலையே எழாது. நான்கு இடங்களுக்கு மட்டும் கொடுப்பவர், பல்லாயிரம் மென்பொருள் பொதிகள் உள்ள டெபியனின் ஒழுங்குகளை ஏன் சுமக்க வேண்டும்?

பொதிகட்டி

செவ்வாய்பேட்டை நண்பர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். லிப்எடையைச் செயலிக்குள் ஸ்டாட்டிக்காகச் சேர்ப்பதில் தவறில்லை. அதைப் பயன்படுத்துவது ஒரே செயலி என்றால் நானும் அதையே சொல்வேன். ஜிலிப்சியையும் அவ்வாறு சேர்ப்பதுதான் தொல்லை. பயனர் பெயரையும் கணினிப் பெயரையும் தேடித்தரும் பகுதிகளை ஜிலிப்சி ஓடும்போதுதான் ஏற்றிக்கொள்கிறது. ஸ்டாட்டிக்காகக் கட்டினாலும் அதே பதிப்பின் பகிர்வுக் கோப்புகளை அந்தக் கணினியில் தேடும். ஆல்பைன் என்ற டிஸ்ட்ரோ பயன்படுத்தும் மசல் என்ற சி லைப்ரரியுடன் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

மறையாக்கத்துக்கான ஓபன்எஸ்எஸ்எல் போன்ற லைப்ரரிகளை உள்ளே வைத்துக் கட்டினால், பாதுகாப்பு ஓட்டை வெளிப்படும் ஒவ்வொரு முறையும் நீங்களே மறுபடி கட்டி ஒவ்வோர் இடமாகக் கொண்டுசேர்க்க வேண்டும். வெளியே விட்டாலும் நிம்மதி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஓபன்எஸ்எஸ்எல் 1.0 வரிசையைச் சென்டோஸ் 7 லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.10 என்ற பெயரிலும், டெபியன் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.0.0 என்ற பெயரிலும் வைத்திருந்தன. ஒரே மூலநிரல், ஆனால் ஒன்றில் கட்டிய செயலி மற்றதில் அந்தப் பெயரைத் தேடிக் காணாமல் நின்றுவிடும். படங்களுக்கான லிப்ஜேபெக்கிலும் அப்படித்தான்: டெபியனில் முடிவெண் 62, உபுண்டுவில் 8. பெயரிடும் உரிமை மூல ஆசிரியரிடம் இருந்தாலும், டிஸ்ட்ரோக்காரர்கள் தம் தேவைக்கேற்ப அதை மாற்றியிருக்கிறார்கள்.

நாகலூர்க் கணக்கர்

நான் நிரல் எழுதுபவன் அல்லன். மேலே சொன்ன தோட்டத்தின் கணக்கு நான் எழுதுவது. தம்பி எல்லாப் பழியையும் தன்மேல் போட்டுக்கொண்டதால் இதைப் பதிவுசெய்ய விரும்பினேன். எடைச்சீட்டுகளில் வரிசை எண் இருந்ததால், ஐந்து நாள் பேரேட்டிலும் எடைப் பத்தியை ஒரு வரி மேலே நகர்த்தியதும் ஒவ்வொருவருக்கும் உரியது அவரவரிடம் வந்து சேர்ந்தது. குறைந்தவர்களுக்கு மீதத்தைக் கொடுத்தோம். கூடுதலாகப் பெற்றவர்களிடம் திரும்பக் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் வரிசையில் கடைசியாக நின்றவரின் எடை மட்டும் எங்கும் பதிவாகவில்லை. அந்த ஐந்து பேருக்கும், அந்த வாரத்தில் அவர்கள் பறித்த மிக அதிக எடையையே அந்த நாளுக்கும் எழுதினோம்.

எனக்கு ஒரே கேள்வி. பொருந்தாத இரண்டு கோப்புகளை ஒன்றாக வைத்தால் கணினி தானாகவே மறுக்கும்படி செய்ய முடியாதா? உபுண்டு கணினியில் மறுத்தது. எங்கள் கணினியில் ஏன் மறுக்கவில்லை?

பொதிகட்டி

ஐயா, இந்த இழையில் கேட்க வேண்டிய கேள்வியை நீங்கள்தான் கேட்டிருக்கிறீர்கள்.

கணினி மறுப்பதற்கு அதனிடம் இருப்பவை இரண்டே ஆதாரங்கள்: பெயரும் பதிப்புச் சீட்டும். ஒவ்வொரு பகிர்வு லைப்ரரிக்குள்ளும் 'சோநேம்' என்ற ஒரு பெயர் பொறித்திருக்கும். செயலியை லிங்க் செய்யும்போது அந்தப் பெயர் செயலிக்குள் 'எனக்கு இது தேவை' என்று பதிவாகும். வட்டில் இருக்கும் கோப்பின் முழுப்பெயர் லிப்எடை.எஸ்ஓ.1.2.0 என்று இருக்கலாம்; செயலி தொடங்கும்போது லைப்ரரிகளை ஏற்றும் லோடர் தேடுவது லிப்எடை.எஸ்ஓ.1 என்ற சோநேமை மட்டுமே. இரண்டையும் இணைக்கும் சிம்லிங்க்கை (ஒரு பெயரிலிருந்து வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பை) 'எல்டிகான்ஃபிக்' என்ற கருவி அமைத்துத் தருகிறது. அந்தக் கடைசி '1' என்பது, 'இந்த எண் இருக்கும்வரை பழைய செயலிகள் என்னை நம்பலாம்' என்று ஆசிரியர் கொடுக்கும் வாக்கு. அந்த வாக்கு உண்மையா என்று லோடர் சோதிப்பதில்லை. அதற்கு வழியும் இல்லை. ஸ்ட்ரக்டின் அமைப்பு கம்பைல் செய்யும்போது சேர்க்கும் ஹெடர் கோப்பில் இருக்கிறது. கம்பைல் ஆனபின் அது இரு பக்கமும் வெறும் பைட் இடைவெளிகளாகக் கரைந்துவிடுகிறது. ஜிலிப்சி தன் வாக்கைச் சீட்டில் எழுதியிருந்ததால் உபுண்டு கணினி மறுத்தது. லிப்எடை தன் வாக்கை மீறிவிட்டு அதே எண்ணை அணிந்து வந்ததால் உங்கள் கணினி ஏற்றுக்கொண்டது.

இன்னொன்றையும் நிரலர் தம்பி கவனிக்க வேண்டும். பழைய ஸ்ட்ரக்டில் எடையும் தராசு எண்ணும் மட்டும் இருந்திருந்தால் அதன் அளவு 16 பைட், புதியது 24. பழைய செயலி 16 பைட்டுக்குத்தான் இடம் ஒதுக்கியிருக்கும். உங்கள் லைப்ரரி ஒவ்வொரு முறையும் பக்கத்து 8 பைட்டை மிதித்து எழுதியிருக்கிறது. அங்கே முக்கியமான எதுவும் இல்லாததால் செயலி விழவில்லை. புலத்தை ஸ்ட்ரக்டின் கடைசியில் சேர்த்திருந்தால் எடை சரியாக வந்திருக்கும், ஆனால் இந்த மிதிப்பு அப்போதும் இருந்திருக்கும். ஆகவே 'கடைசியில் சேர்த்தால் பாதுகாப்பு' என்று பலர் சொல்வது, இடத்தை ஒதுக்குவது லைப்ரரியாக இருந்தால் மட்டுமே பொருந்தும்.

எண்ணிடும் விதியைச் சுருக்கமாகச் சொன்னால்: உள்ளே திருத்தம் மட்டும் என்றால் கடைசி எண் மாறும், புதிய ஃபங்ஷன் சேர்ந்து பழையவை அப்படியே இருந்தால் நடு எண் மாறும், இருந்த ஒன்று நீங்கினாலோ, அதன் அளவுருக்களோ ஸ்ட்ரக்டோ பொருளோ மாறினாலோ சோநேம் எண்ணே மாற வேண்டும். லைப்ரரி கட்ட லிப்டூல் என்ற கருவியைப் பயன்படுத்துபவர்கள் ஓர் இடத்தில் தடுக்கி விழுவார்கள். அதில் கொடுக்கும் மூன்று எண்கள் நடப்பு, திருத்தம், வயது என்பவை. கோப்பின் பெயரில் வருவது அவை அல்ல. 5:2:3 என்று கொடுத்தால் லினக்ஸில் கிடைப்பது லிப்எடை.எஸ்ஓ.2.3.2, நடப்பிலிருந்து வயதைக் கழித்தது சோநேம் எண். உங்கள் விலைப்பட்டியலில் இருக்கும் பதிப்பு எண்ணை அங்கே போடாதீர்கள். இரண்டுக்கும் தொடர்பு இல்லை.

கருப்பூர் மாணவி

பொதிகட்டி ஐயாவுக்கு நன்றி. எனக்கு மூன்று ஐயங்கள். சோநேமை மாற்றாமல், ஜிலிப்சி போலவே நாமும் ஃபங்ஷன்களுக்குச் சீட்டு ஒட்டலாமா? லைப்ரரி சி++ மொழியில் இருந்தால் இதே விதி போதுமா? மாற்றம் வாக்கை மீறுகிறதா என்பதை மனிதக் கண்ணை நம்பாமல் சோதிக்கக் கருவி உண்டா?

ஒரு சிறு குறிப்பு: மூலநிரல் அளவிலான இடைமுகம், பைனரி அளவிலான இடைமுகம் இரண்டின் ஆங்கிலச் சுருக்கங்களையும் தமிழில் எழுதினால் 'ஏபிஐ' என்றே வருகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் இந்த இழையின் பேச்சே என்பதால், 'மூல இடைமுகம்', 'பைனரி இடைமுகம்' என்று பிரித்து எழுதலாம் என நினைக்கிறேன்.

பொதிகட்டி

நல்ல யோசனை, அம்மா. இனி அப்படியே எழுதுகிறேன். தம்பி செய்த மாற்றத்தில் மூல இடைமுகம் கெடவில்லை. பழைய செயலியை ஒரு எழுத்தும் மாற்றாமல் புதிய ஹெடருடன் மறுபடி கம்பைல் செய்திருந்தால் சரியாக ஓடியிருக்கும். கெட்டது பைனரி இடைமுகம் மட்டுமே.

சீட்டு ஒட்டலாம். லிங்கருக்கு ஒரு வரைவுக் கோப்பு கொடுத்து, அதில் 'லிப்எடை_1.0' என்ற பெயரின் கீழ் வெளியே தெரிய வேண்டிய ஃபங்ஷன்களை எழுதி, மற்ற அனைத்தையும் மறைத்துவிட வேண்டும். பிறகு 'எடை_படி' என்ற ஃபங்ஷனின் நடத்தை மாற வேண்டி வந்தால், பழையதைப் பழைய சீட்டுடன் அப்படியே உள்ளே வைத்துக்கொண்டு, புதியதை 'லிப்எடை_1.2' என்ற சீட்டுடன் முன்னிருப்பாகச் சேர்க்கலாம். ஒற்றை '@' பழையதற்கு, இரட்டை '@@' முன்னிருப்புக்கு. பழைய செயலி பழையதையே அழைக்கும். புதிதாகக் கம்பைல் செய்வது புதியதை அழைக்கும்.

இதன் அருமையை நினைவகத்தை நகலெடுக்கும் மெம்காப்பி என்ற ஜிலிப்சி ஃபங்ஷனின் கதையில் பார்க்கலாம். 2010இல் சில வகைக் கணினிச் சில்லுகளுக்கான வேகமான மெம்காப்பி, நினைவகத்தைப் பின்னிருந்து முன்னாக நகலெடுக்கத் தொடங்கியது. ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதிகளுக்கு மெம்காப்பியை அழைக்கக் கூடாது என்பது சி மொழியின் விதி. ஆனாலும் அழைத்துவந்த செயலிகள் இருந்தன. ஃபெடோரா 14இல் ஃபிளாஷ் பிளேயரின் ஒலி சிதைந்ததற்குக் காரணம் அதுவே. விதியை மீறியது செயலிதான் என்று ஒரு தரப்பும், பயனருக்கு ஓடிக்கொண்டிருந்தது நிற்கக் கூடாது என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் உள்ளிட்ட இன்னொரு தரப்பும் வாதிட்டன. அடுத்த ஆண்டு வந்த 2.14இல் மெம்காப்பிக்குப் புதுச் சீட்டு கொடுத்து, பழைய சீட்டைத் தேடி வருபவர்களுக்குப் பாதுகாப்பான மெம்மூவ் ஃபங்ஷனின் நடத்தையே கிடைக்கச் செய்தார்கள். 1997 முதல் லிப்சியின் சோநேம் எண் 6 ஆகவே நிற்பது இப்படிப்பட்ட பொறுமையினால்தான்.

சி++ பற்றி நீளமாக எழுத மாட்டேன். ஒரு கிளாஸில் விர்ச்சுவல் ஃபங்ஷன் ஒன்றை நடுவில் சேர்த்தாலே வாக்கு முறிந்துவிடும். 2015இல் வந்த ஜிசிசி 5 கம்பைலர், ஸ்ட்ரிங், லிஸ்ட் இரண்டின் உள்ளமைப்பையும் மாற்றியபோது, தன் சி++ லைப்ரரியின் எண்ணை 6ஆகவே வைத்துக்கொண்டு இரு வடிவங்களையும் ஒரே கோப்புக்குள் சுமக்க வேண்டியிருந்தது. நம்மைப் போன்றவர்கள் உள்ளே சி++ எழுதினாலும் வெளியே சி முகம் காட்டுவதே நல்லது.

கருவி உண்டு: லிப்அபிகெய்ல் என்ற கருவித் தொகுப்பில் உள்ள 'அபிடிஃப்'. டீபக் தகவலுடன் (பிழைதேடலுக்கான குறிப்புகளுடன்) கம்பைல் செய்த பழைய, புதிய கோப்புகளைக் கொடுத்தால், எந்த ஸ்ட்ரக்டில் எந்தப் புலம் எத்தனை பிட் நகர்ந்தது என்றுவரை சொல்லும். டெபியனின் சிம்பல் பட்டியல் சோதனை இதைக் கண்டுபிடித்திருக்காது. ஃபங்ஷன் பெயர்கள் மாறவே இல்லையே.

செவ்வாய்பேட்டைத் தராசு

சீட்டு முறையில் எனக்கு நம்பிக்கை குறைவு. மசல் லோடர் அந்தச் சீட்டுகளைப் பொருட்படுத்துவதில்லை. டிஸ்ட்ரோக்காரர்கள் ஒட்டும் சீட்டுகளாலும் துன்பம் உண்டு. டெபியனிலும் உபுண்டுவிலும் லிப்கர்ல்3 என்ற பொதிக்குள் இருந்தது லிப்கர்ல்.எஸ்ஓ.4, அதன் சீட்டில் 3 என்று இருந்தது. பிறகு உபுண்டு 18.04இல் சீட்டு 4 ஆகி லிப்கர்ல்4 பொதி வந்தபோது, இரு பொதிகளும் ஒரே கோப்புப் பெயருக்கு மோதியதால் இரண்டையும் சேர்த்து நிறுவ முடியவில்லை. அந்த வாரம் ஒரு பட்டறையில் நான் பட்ட பாட்டை மறக்க மாட்டேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சோநேமை உயர்த்திவிட்டால், பழைய 1, புதிய 2 இரண்டும் அருகருகே இருக்கும், குழப்பமே இல்லை.

பொதிகட்டி

சரியான எடுத்துக்காட்டு. பெயரும் சீட்டும் வெவ்வேறு கதை சொன்னதால் வந்த வினை அது. இருந்தாலும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் சோநேமை உயர்த்தினால், பழைய 1இல் உள்ள பிழையை யார் திருத்துவது? நாலைந்து ஆண்டில் ஏழு எண்கள் சேர்ந்துவிடும். ஏழையும் பராமரிக்க வேண்டும். உயர்த்தாமல் இருக்கும்படி வடிவமைப்பதே மேல். ஸ்ட்ரக்டை ஹெடரில் காட்டாமல், உள்ளே மறைத்த ஒரு பாயிண்டரை (நினைவக முகவரியை) மட்டும் கொடுத்து, 'எடையைச் சொல்', 'முந்தைய எடையைச் சொல்' என்று ஃபங்ஷன்கள் வழியாகக் கேட்கச் செய்யுங்கள். ஸ்ட்ரக்டைக் காட்டியே தீர வேண்டுமானால், அழைப்பவர் தம் ஸ்ட்ரக்டின் அளவையும் சேர்த்து அனுப்பட்டும். லினக்ஸ் கெர்னலின் குளோன்3, ஓபன்அட்2 அழைப்புகள் அப்படித்தான் செய்கின்றன. அளவு 16 என்று வந்தால் வந்தவர் பழையவர் என்று லைப்ரரிக்குத் தெரிந்துவிடும்.

அஸ்தம்பட்டி நிரலர்

ஒரு வாரம் கழித்து வருகிறேன். அதற்குள் செய்தவற்றை எழுதுகிறேன்.

சோநேமை 2 ஆக்கினேன். கொடுத்த வாக்கை ஏற்கெனவே மீறிவிட்டதால், இந்த ஒருமுறை செவ்வாய்பேட்டை அண்ணன் சொன்னதே பொருத்தம் என்று பட்டது. 2இல் ஸ்ட்ரக்ட் வெளியே தெரிவதில்லை, வெளியே விட்டவை ஒன்பது ஃபங்ஷன்கள் மட்டும், ஒன்பதுக்கும் 'லிப்எடை_2.0' என்ற சீட்டு. பழைய 1இல் சேர்த்த புலத்தை நீக்கி, 16 பைட் ஸ்ட்ரக்டுடன் திருத்தப் பதிப்பாகவே வெளியிட்டேன். இரண்டும் ஒரே கணினியில் இருக்கின்றன. அனைத்தையும் டெபியன் 10 கன்டெய்னருக்குள் கட்டுகிறேன். கட்டி முடிந்ததும் முந்தைய வெளியீட்டுடன் அபிடிஃப் ஒப்பிடுகிறது. வேறுபாடு இருந்தால் பொதி உருவாவதில்லை. சோதனைக்காக அந்தப் பழைய தவற்றை வேண்டுமென்றே மறுபடி செய்து பார்த்தேன். 'எடை' புலம் 0ஆம் பிட்டிலிருந்து 64ஆம் பிட்டுக்கு நகர்ந்தது, ஸ்ட்ரக்டின் அளவு 128 பிட்டிலிருந்து 192 பிட்டாகியது என்று காட்டிவிட்டு நின்றது. அந்த இரண்டு வரிகளைத் திரையில் பார்த்தபோது ஐந்து நாள் சீட்டுகள்தான் நினைவுக்கு வந்தன.

நேற்று நாகலூரில், கணக்கர் ஐயா முன்னிலையில், புதிய செயலியை வைத்துவிட்டு லிப்எடை.எஸ்ஓ.2 கோப்பை மட்டும் அப்புறப்படுத்திக் காட்டினேன். 'லிப்எடை.எஸ்ஓ.2: கோப்பைத் திறக்க முடியவில்லை' என்று சொல்லிவிட்டுச் செயலி தொடங்க மறுத்தது.

நாகலூர்க் கணக்கர்

பார்த்தேன். கோப்பைத் திரும்ப வைத்தபின் இன்று காலை முதல் கூடைக்கு 18.4 கிலோ என்று வந்தது. பக்கத்தில் பழைய கைத்தராசிலும் நிறுத்துப் பார்த்தோம், அதே எடை. இந்த வாரம் முழுவதும் ஒவ்வொரு பத்தாவது கூடையையும் இரண்டு தராசிலும் நிறுக்கச் சொல்லியிருக்கிறேன். டெபியன் 10 மடிக்கணினி இருக்கும் மேல்தோட்டத்துக்கு வியாழக்கிழமை வருவதாகத் தம்பி சொல்லியிருக்கிறார். பழம் வந்து சேர்வது மாலை நான்கு மணிக்கு என்பதால், மதியத்துக்குள் வந்துவிட்டால் நல்லது.